சவரிமுத்து கடலில் விட்ட கோயில்

மேட்டில் ஏறி மூச்சு வாங்க நின்றபோது முதலில் கண்ணில் பட்டது கடல். அந்த இடத்தில் நின்றால் கடல் தெரியக் கூடாது. கோயில் மறைக்கும். அன்று பளிச்சென்று தெரிந்தது.

கோயிலைக் காணோம். அது நின்ற சிமெண்ட் தரை மட்டும் இருந்தது. அதைக் கழுவிவிட்டு நாலு மூலையிலும் செம்பருத்திப் பூ வைத்திருந்தார்கள். தரையில் ஈரம் இன்னும் காயவில்லை. ஃபினாயில் வாசனை அடித்தது.

தரையைச் சுற்றி எங்கள் ஜனம் முழுவதும் நின்றது. துவைத்த சட்டை, தலையில் எண்ணெய், முகம் நிறையச் சிரிப்பு. உபதேசியார் சவரிமுத்து தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். நான் இல்லாத நாட்களில் அந்தக் குடியிருப்பில் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துவதும், செத்தவர்களைப் புதைப்பதும் அவர்தான்.

"சாமி, பழச சுத்தமா எடுத்துட்டோம். இனி புதுசு ஏத்த வேண்டியதுதான்."

எனக்குப் பின்னால் பொறியாளர் பிரகாஷ் ஏறி வந்துகொண்டிருந்தார். கட்டட அனுமதி கொடுக்கும் போர்ட் பிளேர் அலுவலகத்திலிருந்து அளவெடுக்க என்னோடு கப்பலில் வந்தவர். வேர்வையைத் துடைத்தபடி தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையில் தயாராக வைத்திருந்த டேப்பைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

"ஃபாதர், ரிப்பேர்னா ரிப்பேர் பண்ண ஏதாவது இருக்கணும்ல? யஹான் தோ குச் பி நஹீ ஹை."

இங்கே ஒன்றுமே இல்லையே என்கிறார். அவர் சொன்னது சரிதான். சவரிமுத்து இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

கோபக்காரச் சாமியார்

இந்தத் தொடரைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: பிரான்சிஸ்கன் சபைத் துறவிக்கு இத்தனை கோபம் ஆகுமா, உங்கள் சபையை நிறுவியவர் பறவைகளோடு பேசியவர் அல்லவா?

ஐயா, பறவைகளோடு பேசுவது சுலபம். அவை அலுவலகம் வைத்து நடத்துவதில்லை. தெற்குத் தீவுகளில் நான் பணி செய்த காலத்தில் பறவைகளோடு பேச எனக்கு நேரமே கிடைக்கவில்லை. போர்ட் பிளேரில் ஒவ்வொரு மேசையாகப் பேசிக்கொண்டிருந்தேன். கோபம் அப்போது வரவில்லை, அப்போதெல்லாம் பல்லை இளித்துக்கொண்டுதான் நின்றேன். இப்போது பெருநிலத்தில், மடத்து மாடியில், மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து எழுதும்போதுதான் வயிறு எரிகிறது.

எங்கள் பழுப்பு அங்கியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தீவு மழையில் அது காயவே காயாது. இடுப்பில் கட்டும் முடிச்சுக் கயிற்றில் பூஞ்சை பிடிக்கும். நான் பெரும்பாலும் அரைக்கைச் சட்டையில்தான் திரிந்தேன். ஃபீனிக்ஸ் பே துறையில் கப்பலுக்கு வரிசையில் நிற்கும்போது என்னைப் பார்ப்பவர்கள் யாரோ ரிட்டயர்டு வாத்தியார் என்று நினைப்பார்கள். ஒருவர் என்னிடம் ரப்பர் செருப்புக்கு ஆர்டர் கொடுத்தார். விற்பனைப் பிரதிநிதி என்று நினைத்துவிட்டாராம்.

சுல்தான் காலத்து மாமாக்கள்

சட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. சபையில் சேர்ந்த புதிதில் எங்களுக்கு வரலாற்று வகுப்பு உண்டு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வைப்பார்கள், பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். நான் தூங்காமல் கேட்ட ஒரே பாடம் போஸ்னியா.

அந்த நாடு துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்த நூற்றாண்டுகளில், அங்கிருந்த கத்தோலிக்க ஜனங்களோடு கூடவே இருந்தவர்கள் எங்கள் சபைச் சகோதரர்கள். மலைக் கிராமங்களுக்கு அவர்கள் அங்கி போட்டுக்கொண்டு போனால் வம்பு. ஆகவே குடியானவன் மாதிரி உடுத்தி, மீசை வைத்துக்கொண்டு, குதிரையில் போவார்கள். ஜனங்கள் அவர்களை 'சாமி' என்று கூப்பிடுவதில்லையாம், 'மாமா' என்பார்களாம். அதுவும் தாய்மாமனைக் கூப்பிடும் சொல். வகுப்பில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒரு வாரம் ஒருவரையொருவர் மாமா என்றே கூப்பிட்டோம்.

கோயில் விஷயம் அதைவிடக் கடினம். புதிதாகக் கட்ட அனுமதி கிடைப்பது அபூர்வம். பழையதைப் பழுது பார்ப்பதென்றாலும் அதிகாரிகளிடம் உத்தரவு வாங்க வேண்டும். பழைய அளவைத் தாண்டக் கூடாது. அளந்து பார்க்க ஆள் வரும். வருகிற ஆளைக் கவனிக்க வேண்டும். இந்த இடத்திலும் சிரித்தோம். இருபது வயதில் எல்லாவற்றுக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு அந்தமானுக்கு அனுப்பினார்கள்.

ஒப்பிடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்களை மதத்துக்காக இங்கே யாரும் துரத்தவில்லை. உத்தரவில்லாமல் எதையும் கட்டக் கூடாது என்பது மாரியம்மன் கோயிலுக்கும் சட்டம்தான், மசூதிக்கும் சட்டம்தான். சட்டத்தில் நியாயமும் உண்டு. அந்தத் தீவு நிக்கோபார் மக்களின் மண். வெளியிலிருந்து வந்தவன் ஆளுக்கொரு கட்டடம் எழுப்பினால் அவர்கள் எங்கே போவார்கள்? அதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் எங்கள் ஜனமும் தானாக வந்து இறங்கியதில்லை. கூட்டிக்கொண்டு வந்து இறக்கினார்கள்.

ரப்பர்க் காட்டு ஜனம்

இலங்கை மலைத் தோட்டங்களில் தேயிலை பறித்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள் அல்லவா, அவர்களில் ஒரு பகுதியை இந்தத் தீவுகளுக்கு ரப்பர் வேலைக்குக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலோர் இந்துக்கள். நடுவில் எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்கள் கொஞ்சம். சவரிமுத்து கைக்குழந்தையாக வந்தவர்.

வந்தவர்கள் தோட்டத்தில் வேலை முடிந்த பிறகு, ஞாயிறு ஞாயிறாக, காட்டில் சாய்ந்து கிடந்த படாக் மரத்தை அறுத்துத் தூண் நட்டு, தகரம் போட்டு அந்தோணியார் கோயில் ஒன்று வைத்தார்கள். அப்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு சுனாமியில் கடல் வந்தது, குடியிருப்பின் கீழ்ப்பகுதியைக் கொண்டுபோனது. கோயில் மேட்டில் இருந்ததால் தப்பியது. பிறகு தோட்டமும் படுத்துவிட்டது. ஜனம் கூலி வேலை, மீன், ஏதோ பிழைப்பு என்று ஒட்டிக்கொண்டது.

தகரம் சல்லடையாகிவிட்டது. மழை நாளில் பூசை வைத்தால் அப்பத்தின் மேல் சொட்டும். ஒரு கையால் புத்தகத்தை மூடிக்கொண்டு இன்னொரு கையால் ஆசீர்வாதம் கொடுத்திருக்கிறேன்.

இந்த நேரத்தில்தான் சவரிமுத்துவின் மகள் செலினுக்குக் கல்யாணம் முடிவானது. தாயில்லாப் பெண். மாப்பிள்ளை போர்ட் பிளேரில், ஃபீனிக்ஸ் பே துறையில் வேலை பார்க்கிற பையன். டெலானிபூரில் குவாட்டர்ஸ். போர்ட் பிளேரிலேயே பெரிய கோயிலில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள் பையன் வீட்டில். சவரிமுத்து ஒப்பவில்லை. பெண் வீட்டுக் கோயிலில்தான் தாலி ஏற வேண்டும், வேறு எதையும் நான் கேட்கப் போவதில்லை என்றார். பையனின் அப்பா கடைசியில் இறங்கிவந்தார். ஆனால் கறாராக ஒன்று சொன்னார். ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே என் மகன் கல்யாணம் நடக்காது, கூரை போட்டால் வருகிறோம்.

ஆக, ஈஸ்டர் முடிந்து மழை இறங்குவதற்குள் கூரை ஏற வேண்டும்.

அலுவலகத்துக்கு நடந்தேன். செருப்பு தேய நடந்தேன் என்பார்களே, எனக்கு மெய்யாகவே தேய்ந்தது. இந்த மேசையில் அந்த மேசையைக் கைகாட்டுவார்கள். அந்த மேசைக்காரர் மெயின்லேண்ட் லீவில் இருப்பார். கிறிஸ்துமஸுக்கு கேக் கொடுத்தேன். ஒருவரின் மகளுக்கு மெயின்லேண்டில் எங்கள் கல்லூரியில் இடம் கேட்டு ஃபோன் செய்தேன். கவனித்தேன், ஆமாம். போஸ்னியாவில் சுல்தானின் ஆளுநர் பாஷாவுக்குக் காப்பிக் கொட்டை கொண்டுபோன மாமாக்களை நினைத்துக்கொண்டேன்.

அனுமதி வந்தது. பழுதுபார்க்க மட்டும். இருக்கிற தூண்கள், இருக்கிற அரைச்சுவர், அதே நீளம், அதே உயரம். தகரத்தையும் உளுத்த சட்டத்தையும் மாற்றலாம். வேலை தொடங்குமுன் அலுவலக ஆள் நேரில் பார்த்து அளக்க வேண்டும்.

அன்றைக்கே சவரிமுத்துவுக்கு ஃபோன் போட்டேன். அங்கே சிக்னல் கிடைப்பதே பெரிய புண்ணியம். அனுமதி வந்துவிட்டது, ஆளோடு வருகிறேன் என்று மட்டும் சொல்ல முடிந்தது. அப்புறம் காற்று. கப்பல் கேன்சல். மறுபடி அறிவித்தார்கள், மறுபடி கேன்சல். நானும் பிரகாஷும் துறைக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தோம்.

வத்தத்தில் விட்டது

அந்த இடைவெளியில்தான் அவர்கள் கோயிலைப் பிரித்தார்கள்.

ஏன் என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். மலைத்தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சாமி வீட்டுக்குப் புதுக்கூரை ஏறுமுன் பழைய மரம் மொத்தத்தையும் எடுத்துவிட வேண்டும். சாமிக்கு நிழல் கொடுத்த மரத்தை அடுப்பில் வைக்கக் கூடாது, மாட்டுக் கொட்டகைக்குப் போடக் கூடாது, காலில் மிதிபட விடக் கூடாது. ஆற்றில் விட்டுவிட வேண்டும். பழசின் மேல் புதுசை ஏற்றுவது சாமிக்கு ஒட்டுப்போட்ட துணி உடுத்துகிற மாதிரியாம். மாதா கோயிலுக்கும் அப்படித்தான், மாரியம்மன் கோயிலுக்கும் அப்படித்தான். தீவில் ஆறு இல்லை, கடல் இருக்கிறது.

நான் வரும்போது வேலை தயாராக இருக்கட்டும் என்று, ஊரே சேர்ந்து பிரித்திருக்கிறது. அரைச்சுவரும் ஈரம் ஏறிப்போயிருந்ததால் அதையும் தட்டிவிட்டார்கள். இந்துக் குடும்பங்கள் தங்கள் டோங்கிப் படகுகளைக் கொண்டுவந்து கொடுத்தன. தூண்களைக் கழுவி, மஞ்சள் தடவி, செபமாலை சொல்லிக்கொண்டே இறக்கி, வத்தத்தில், கடல் நீர் வெளியே போகும் நேரம் பார்த்து விட்டிருக்கிறார்கள். திரும்பிக் கரைக்கு வராமல் போனதாம். அந்தோணியார் ஏற்றுக்கொண்டார் என்று அதை வேறு சந்தோஷமாகச் சொன்னார்கள்.

நான் தலையில் கை வைத்து அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அனுமதியில் எழுதியிருப்பது இன்னது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல முகங்கள் மாறின. ஒரு பெண் செம்பருத்திப் பூவைப் பொறுக்க ஆரம்பித்தாள். ஏன் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

பிரகாஷ் கெட்டவர் இல்லை. டெலானிபூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன்தான். என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். கோயில் காற்றில் விழுந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள். இயற்கைச் சேதம் என்றால் அதற்கு வேறு விதி இருக்கிறது, அதே அளவில் திரும்பக் கட்டலாம். போன வாரம் அடித்த காற்றுக்குக் கப்பலே நின்றது, யார் கேட்கப் போகிறார்கள்? நீங்களும் ஊர் சார்பில் உபதேசியாரும் கையெழுத்துப் போட்டால் போதும், நான் பார்த்ததாக எழுதிவிடுகிறேன்.

எனக்கு உயிர் வந்தது. பொய்யா என்று கேட்டால் பொய்தான். அங்கேயே பையைத் திறந்து, தாள் எடுத்து, முழங்காலில் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனாவைச் சவரிமுத்துவிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

"காத்து எடுக்கலயே சாமி. நாங்கதான எடுத்தோம்."

தெரியும் உபதேசியாரே, கோயில் வேண்டுமென்றால் இப்படித்தான் எழுத வேண்டும் என்றேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். மறுபடி சொன்னேன். மறுபடி ஆட்டினார். எனக்குக் குரல் ஏறிவிட்டது. ஊர் முழுக்க நிற்கும்போது, வயதில் ஏறக்குறைய என் ஈடானவரை, மரமண்டை என்று திட்டினேன். எத்தனை வாசலில் எனக்காகவா நின்றேன் என்று கத்தினேன்.

அவர் கத்தவில்லை. எப்போதும் பேசுகிற அதே குரலில் சொன்னார்:

"அங்க தோட்டத்து லயத்து வீட்டுல ஒரு ஆணி அடிக்கணும்னா தொரைகிட்ட கேக்கணும்னு எங்கப்பா சொல்லுவாரு. இங்க வந்தும் குவாட்டர்ஸ் செவுத்துல ஆணி அடிக்க ஆபீஸ்ல கேட்டாரு. கேட்டுக் கேட்டே செத்தாரு. இந்தக் கோயிலு ஒண்ணுதான் சாமி நாங்களா வச்சது. எடுக்கணும்னு தோணுச்சு, எடுத்தோம். யாரையும் கேக்கல. அதப் போயி காத்து எடுத்துச்சுன்னு நான் எழுதித் தர மாட்டேன்."

செலின் அதுவரை பின்னால் நின்றிருந்தாள். முன்னால் வந்து அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"போட்டுக் குடுத்துருங்கப்பா. காத்துமேல பழியப் போட்டா காத்துக்கு என்ன வலிக்கவா போவுது?"

அவர் மகளின் கையைத் தட்டிவிடவில்லை. மெதுவாக எடுத்து விலக்கினார், அவ்வளவுதான். செலின் அழுதுகொண்டே வீட்டுப் பக்கம் போனாள். நான் சவரிமுத்துவிடம் கடைசியாக ஒரு தடவை கேட்டேன். உங்கள் மகள் கல்யாணத்துக்குக் கூரை வேண்டாமா?

"வேணும் சாமி" என்றார். பேனாவை வாங்கவில்லை.

வேறு யாராவது கையெழுத்துப் போடுங்கள் என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டேன். உபதேசியார் போடாததை நாங்கள் எப்படிப் போடுவது என்று தரையைப் பார்த்தார்கள். பிரகாஷ் கடிகாரத்தைப் பார்த்தார். 'பழுதுபார்க்கக் கட்டடம் எதுவும் இல்லை' என்று எழுதிக்கொண்டு அவர் கப்பல் ஏறினார்.

கம்பம் ஊன்றாத பந்தல்

கல்யாணம் அங்கேயே நடந்தது. தேதி குறித்தாகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது. பையனின் அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், வரவில்லை. பையனும் அவன் அம்மாவும் துறையில் கூட வேலை பார்க்கும் சிலரும் வந்தார்கள்.

அலுவலகத்திலிருந்து வாய்மொழியாக ஒரு சொல் வந்தது. தரையில் கூடி செபிப்பதற்குத் தடையில்லை. ஆனால் அங்கே எதையும் ஊன்றக் கூடாது. கம்பம் மண்ணில் இறங்கினால் அது கட்டுமானம். பார்த்துவரச் சொல்லிப் பிரகாஷையே அனுப்பியிருந்தார்கள். பாவம், கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கையில் அன்பளிப்புப் பொட்டலமும் இருந்தது.

காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. நீலத் தார்ப்பாய் ஒன்றை விரித்து, நாலு மூலைக்கும் மூங்கில் கட்டி, நாலு ஆண்கள் அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூங்கிலின் அடி மண்ணைத் தொடாமல், புறங்காலின் மேல். ஒரு மூலையில் சவரிமுத்து.

பெண்ணைப் பீடம்வரை கூட்டிவர வேண்டிய தகப்பன் அவர். கம்பத்தை யாரிடமாவது கொடுத்துவிட்டு வாருங்கள் என்று சைகை காட்டினேன். பார்க்காத மாதிரி நின்றார். செலின் தனியாக நடந்து வந்தாள். பூசை முழுக்க அவள் அந்த மூலைப் பக்கம் திரும்பவில்லை.

தார்ப்பாயில் தண்ணீர் கட்டி வயிறு மாதிரி தொங்கும். நாலு பேரும் சேர்ந்து ஒரு பக்கம் சாய்த்து ஊற்றுவார்கள். அந்தச் சத்தத்தில் மணமக்களின் வாக்குறுதி எனக்கே கேட்கவில்லை, உதடு அசைந்ததைப் பார்த்துத் தலையாட்டினேன். பிரகாஷ் குடைக்குள் நின்று செல்போனில் படம் எடுத்தார். முகங்களை எடுக்கவில்லை. மூங்கில்களின் அடியை எடுத்தார்.

இதைச் சொல்லும்போது சிலர் கண்கலங்கி, எவ்வளவு அழகான விசுவாசம் ஃபாதர் என்கிறார்கள். ஒரு மறையுரையில் இதைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்ட சாமியாரும் உண்டு. எனக்கு ஒரு அழகும் தெரியவில்லை. நாலு பேருக்குத் தோள் இறங்கிப்போனது, அதுதான் தெரிந்தது. கல்யாணத்துக்கு ஒரு கம்பம் நடக்கூட வக்கில்லாத ஜனத்துக்கு நான் சாமியாராக இருந்தேன்.

பூசை முடிந்ததும் அதே தார்ப்பாய்க்குக் கீழே பந்தி போட்டார்கள். மழை விடவில்லை. கப்பலைப் பிடிக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்தினார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பினார்கள். மற்ற மூன்று மூலைகளிலும் ஆள் மாறியிருந்தது. சவரிமுத்துவிடமும் ஒருவர் போய்க் கை நீட்டினார். சவரிமுத்து கம்பத்தைக் கொடுக்கவில்லை.

நானே பக்கத்தில் போய்ச் சொன்னேன், மகள் போகிறாள், வந்து வழியனுப்புங்கள் என்று.

"சனம் சாப்பிடுது சாமி. நீங்க போய்ட்டு வாங்க."

நான்தான் இறங்கிப் போனேன். கரையில் டோங்கி ஆடிக்கொண்டிருந்தது. செலின் எனக்குப் பின்னால் மேட்டை எட்டிப் பார்த்துவிட்டு, அப்பா வரவில்லையா என்று கேட்டாள். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்றேன். அவள் குடையை மடக்கி மாமியாரிடம் கொடுத்துவிட்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.